எண்டர் மட்டும் அடி

நவம்பர் 3, திங்கள்

கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஜெசிந்தாவின் போன். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"என்னங்க, மெயில் வந்துட்டு! மொத ரவுண்டுல என்னைய எடுத்துட்டாவ. டெமோ கிளாஸ் பதினாறாந்தேதி, ஞாயித்துக்கெழம."

மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம், தனியாகத்தான் போக வேண்டும். இங்கே இவளை வருஷக்கணக்காக எட்டாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ கேட்டால் அந்தத் தலைமையாசிரியை, "உங்களுக்கு எதுக்கு டீச்சர் அந்த டென்ஷன்?" என்று சிரிப்பாராம். போகட்டும். நல்லதுதான். "சூப்பர், பிள்ள" என்றேன். போனை வைத்ததும் கையிலிருந்த ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. நல்லவேளை, அது ஏற்கெனவே செத்தது.

விஷயம் என்னவென்றால், வீட்டு லேப்டாப்பில் வைஃபை கார்டு போன மாதமே போய்விட்டது. டெமோவுக்குப் போன் ஆகாதாம். போர்டை ஸ்கிரீனில் காட்டி எழுத வேண்டுமாம், லேப்டாப்தான் வேண்டுமாம். வெளியே செருகுகிற வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, நான் ஏற்றிவைத்த லினக்ஸ். தூத்துக்குடியில் லினக்ஸ் என்றால் என்னைத்தான், பெனடிக்டைக் கூப்பிடு என்பார்கள். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

நவம்பர் 4, செவ்வாய்

அடாப்டர் வந்தது. கட்டைவிரல் அளவுதான். செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் லினக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கம்பெனிக்காரன்களை என்ன செய்தால் தகும்! அட்டைப்பெட்டியில் அதே பெயர், அதே படம். உள்ளே மட்டும் சத்தம் காட்டாமல் வேறு சிப்பை வைத்துவிட்டான். பழைய சிப்புக்கு லினக்ஸிலேயே டிரைவர் உண்டு. புதியதற்கு நாமே இறக்கி, இந்த லேப்டாப்புக்கு ஏற்றபடி கட்டி, உள்ளே ஏற்ற வேண்டும்.

ஜெசி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டிரைவர்னா என்னது?"

"புதுசா ஒருத்தன் வீட்டுக்கு வேலைக்கு வாரான். அவன் பேசுத பாஷ இங்க ஒருத்தருக்கும் தெரியல. நடுவுல நின்னு எடுத்துச் சொல்லுத ஆளுதான் டிரைவர்."

"இப்படிச் சொன்னா எனக்கே வெளங்குதே. நீங்க டீச்சரா போயிருக்கலாம்" என்றாள். இன்று பூராவும் அவளுக்கு எல்லாமே சிரிப்பாக இருக்கிறது.

மாடியில் குடியிருக்கிற ஹிலாரி அண்ணனுடைய நெட் கீழே எங்கள் போன் வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது. அதைப் போன் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்து டிரைவரை இறக்கினேன். கட்டியதிலும் ஒரு பிசகும் இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "ரீஸ்டார்ட் பண்ணு. நீலக் கலர்ல ஒரு பக்கம் வரும். பயப்படாத, ஒண்ணையும் நோண்டாத, எண்டர் மட்டும் அடி. அதுவா போயிரும்."

மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளையில் போன் வந்தது. எண்டர் அடித்தாளாம், வைஃபை வரவில்லையாம். சாயந்திரம் பார்க்கிறேன் என்றேன். சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்ட் இல்லை. தெருமுனையில் முழங்கால் தண்ணீர். லேப்டாப்பை எடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஹார்பர் கிளியரிங் ஆபீஸ் மரகதவேல் வந்திருந்தார். வேடிக்கையைப் பார், அவரிடமும் அதே அடாப்டர், அதே லினக்ஸ். "பெனி, ரெண்டு நாளா மண்டையைப் போட்டு ஒடைக்கேன், வரவே மாட்டேங்கு" என்று புலம்பினார்.

இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். லேப்டாப்புக்குள் ஒரு வாட்ச்மேன் உண்டு. வெளியே கட்டி எடுத்து வந்த டிரைவரை அவன் சும்மா உள்ளே விடமாட்டான். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலப் பக்கத்தைப் போட்டு, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பான். முதல் வரியிலேயே எண்டர் தட்டினால் தெரியாது என்று அர்த்தம். அந்த டிரைவரை வாசலோடு அனுப்பிவிடுவான். இரண்டாவது வரிக்கு இறங்கி, சம்மதம் கொடுத்து, ஏற்றும்போது நாம் வைத்த பாஸ்வேர்டைப் போட வேண்டும். போட்டேன். வைஃபை உடனே எழுந்து உட்கார்ந்தது. வாங்கி வைத்த டீ ஆறவில்லை. மரகதவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஆளு கில்லாடிடே" என்றார்.

வீட்டு லேப்டாப் அப்படியில்லை. அதன் குணமே வேறு.

நவம்பர் 7, வெள்ளி

இன்று காலையிலேயே டிரைவரை மறுபடி ஏற்றினேன். ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனேன். ஜெசி ரீஸ்டார்ட் செய்து, நான் சொல்லிவைத்தபடி எண்டர் அடித்திருக்கிறாள். வரவில்லை. துண்டோடு வந்து நின்று பார்த்து, "இந்த சிப்பே சரியில்ல பிள்ள" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாடியிலிருந்து ஒரு வயர் இழுத்தால் என்ன? வயர் செருகுகிற துளைதான் உப்புக்காற்றில் துரு ஏறிக் கிடக்கிறதே. கடையிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்தால் என்ன? அதெல்லாம் கஸ்டமர் மெஷின். அதில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. டிரைவரை இறக்கிய மாதிரி போன் வழியாகவே கிளாஸையும் எடுத்தால் என்ன? பாதியில் அறுந்துபோனால் யார் பொறுப்பு? பள்ளிக்கூட லேபில் உட்கார்ந்தால் அந்தத் தலைமையாசிரியைக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்த வாட்ச்மேனை ஒரேயடியாக அணைத்தும் போடலாம். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார்.

"சரிங்க, ஒங்களுக்குத் தெரியாததா" என்று எழுந்து போனாள். நெத்திலி அவியல் வைத்திருந்தாள். உப்புக் கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் பூசை. ஜெசி மாதா முன்னால் முழங்காலில் நின்றவள் எழுந்திருக்கவே இல்லை. நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தெரு மச்சாது அண்ணன் சம்சாரம் ரோஸ்லின் அக்கா வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஜெசி மாலத்தீவுக்குப் போறாளாமே. நீ ஒத்தையில என்னடே பண்ணுவ?"

"ஹோட்டல் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு. ராசா கெணக்கா இருப்பேன்."

"வாய்தான்" என்றாள். இந்த அக்காவுக்கு ஊர் வீட்டு அடுப்பில் எல்லாம் என்ன கொதிக்கிறது என்று தெரிய வேண்டும். எரிச்சலாக வந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்தால் அடுத்த அறையில் ஜெசி வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். பீரோதான் வகுப்பு. சப்பாத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பீரோவிடம் இங்கிலீஷில் பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள். பாதியாகக் கிழித்தாள், அதில் பாதியைக் கிழித்தாள், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இப்போது தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பீரோவைக் கேட்டாள். நான் ஏதாவது ஒரு வாத்தியாரிடம் இப்படிப் படித்திருந்தால் கணக்கில் தேறியிருப்பேன். இவளை எடுக்காமல் வேறு யாரை எடுப்பார்கள்?

சாயந்திரம் நல்ல தலைவலி.

நவம்பர் 11, செவ்வாய்

மாலத்தீவு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட் இன்று ஒத்திகைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையில் மறுபடி ஏற்றினேன், மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி அவள் எண்டர் அடித்தாள், மறுபடி இல்லை. வேறு வழியில்லாமல் போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசினாள். டம்ளர் நழுவி நழுவி விழுந்தது. ஏஜென்ட் தன்மையாகத்தான் சொன்னாராம்: "மேடம், ஞாயித்துக்கிழமை இப்படி வந்தா எடுக்க மாட்டாங்க. லேப்டாப் கட்டாயம்."

என்மேல் ஒரு கோபமும் இல்லை அவளுக்கு. "நீங்களும் எத்தன வாட்டிதான் பாப்பிய. எனக்கு யோகமில்ல போல" என்றாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது.

அவளுக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தேன். "இவ்ளோ நல்லா போடுதிய!" என்று குடித்தாள்.

நவம்பர் 12, புதன்

கடையில் வேலை அதிகம். அடாப்டர் விஷயம் பார்க்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மக்ரூன் வாங்கிக்கொண்டு கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். மனசு சரியில்லாமல் இருக்கிறாளே என்றுதான்.

வாசலில் யாரோ ஒருவருடைய செருப்பு. உள்ளே ஜெசியும், அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கிற முத்தரசி டீச்சரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கிரீனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தங்குதடையில்லாமல் ஓடியது. அடாப்டரில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"வந்துட்டே!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

முத்தரசி டீச்சர் நல்ல பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சார், நீங்க எல்லாம் கரெக்டாத்தான் பண்ணியிருக்கீங்க. அந்த நீலப் பக்கத்துல மட்டும் பாஸ்வேர்டு போடாம விட்டிருக்கு. டீச்சர் ஒவ்வொரு தடவையும் எண்டர் அடிச்சிருக்காங்க. நான் மறுபடி ஏத்தி, புதுசா ஒரு பாஸ்வேர்டு வச்சுப் போட்டேன்."

"ஆமா, நாந்தான் அடிச்சேன்" என்றாள் ஜெசி. என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ச்சே, சொல்ல மறந்துட்டேன் பாரு" என்றேன்.

முத்தரசி டீச்சர் பையை எடுத்துக்கொண்டாள். மக்ரூன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் சார், பஸ் போயிரும் என்றாள். அவள் தெரு திரும்புகிற வரைக்கும் ஜெசி வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நேத்து மீன் மார்க்கெட்டுல மரகதவேல் அண்ணனப் பாத்தேன். இதே அடாப்டராமே அவருக்கும். டீ ஆறுததுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டியளாம். ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. நீலப் பக்கத்துல ஏதோ பாஸ்வேர்டு போட்டியளாமே."

மக்ரூன் பொட்டலம் என் கையிலேயே இருந்தது. மேசையில் வைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். தட்டைக் கழுவினாள். பீரோ முன்னால் நின்று வகுப்பு எடுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடையில் ஒருத்தருக்கு மெமரி கார்டை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

காலையில் நானே ஆரம்பித்தேன். "ஏ பிள்ள, வேணும்னே ஒண்ணும் இல்ல."

"சும்மா இருங்க."

"கேளு..."

"நீங்க கேளுங்க. போவாதன்னு சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். போட்டுட்டுப் போனாலும் போயிருப்பேன், இருந்தாலும் இருந்திருப்பேன். அது புருசன் பொஞ்சாதி சண்ட. இது என்ன வேல? எம்மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, எண்டர் அடி எண்டர் அடின்னு... எங்கையாலேயே என்னைய அடிக்க வச்சிருக்கிய."

மேசையிலேயே கிடந்த மக்ரூன் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"எனக்கு யோகமில்லன்னு சொன்னேனே அன்னைக்கி. அப்பவாவது ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணல? சுக்குக்காப்பி போட்டுக் குடுக்கிய!"

"பயமா இருந்துச்சு ஜெசி" என்றேன். சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் பிள்ளை இல்லாதது அவள் இருக்கிற வரைக்கும் எனக்குத் தெரிந்ததே இல்லை. அவளும் இல்லாமல் இந்தச் சுவர்களோடு நான் என்ன பேசுவேன்? கடையைப் பூட்டிவிட்டு எங்கே வருவேன்? அதையும் சொன்னேனா, நினைக்க மட்டும் செய்தேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். கோபம் வடிந்து முகம் தளர்ந்துபோயிருந்தது.

"எனக்கும்தான் பயம். தெரியாத ஊரு, தெரியாத சனம், சுத்தியும் கடலு. அத யார்ட்ட சொல்லலாம்னு இருந்தேன், தெரியுமா? ஒங்ககிட்டதான். இனி யார்ட்ட சொல்ல?"

அப்புறம் வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கடைக்குப் போகவில்லை. குளியலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வாஷர் மாற்றினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டெமோ. காலையிலேயே குளித்து, போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அடாப்டர் பிடிக்கிறதா என்று அவளேதான் பார்த்தாள். நான் அறைக்குள் போகவே இல்லை. போனால் ஒரு நொடி அவள் பார்வை என் கைக்குப் போகும். அதைத் தாங்க முடியாது.

வாசல்படியில் உட்கார்ந்து காவல் இருந்தேன். மீன்காரம்மாவைத் தெருமுனையிலேயே மறித்துச் சத்தம் போடாமல் போகச் சொன்னேன். ஹிலாரி அண்ணன் மகன் பைக்கை முறுக்கினான், கையெடுத்துக் கும்பிட்டேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. இங்கிலீஷில் அரை, கால், அரைக்கால். அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். ஒரு இடத்திலும் அறுந்துபோகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே சமயம் வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. நடுத்தெருவில் ஆம்பிளை எப்படி அழுவது? படியை விட்டு எழுந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். முந்தின நாள் பெய்த மழையில் தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் கிடந்தது.

நவம்பர் 28, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டும். ரோஸ்லின் அக்கா வீட்டுக்கு லட்டு கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கும் ஒன்று வைத்திருந்தாள், தட்டில், மூடி போட்டு.

டிசம்பர் 20, சனி

கிறிஸ்துமஸ் குடில் கட்டினோம். வழக்கமாக நட்சத்திரத்தை நான் ஏணியில் ஏறிக் கட்டுவேன், அவள் கீழே நின்று இடது வலது சொல்லுவாள். இந்த வருஷமும் சொன்னாள். இடது, இன்னும் இடது, போதும். கொஞ்ச நேரம் எல்லாம் பழையபடி இருந்த மாதிரி இருந்தது. இறங்கி வந்து, "போவாத ஜெசி" என்றேன். கேட்டாள். காதில் விழாத மாதிரி நடிக்கவெல்லாம் இல்லை. "இப்ப சொல்லுதியளே" என்றாள். பிறகு குடிலுக்குள் வைக்கோலைப் பரப்பினாள்.

ஜனவரி 4, ஞாயிறு

திருவனந்தபுரம் வரை கூடப் போனேன். ஏர்போர்ட் வாசலோடு நம்மை நிறுத்திவிடுகிறார்கள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க. பிரஷர் மாத்திரைய மறக்காதிய" என்றாள். தலையாட்டினேன். லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். நானே ஏற்றி, நானே வளர்த்த லினக்ஸ் அது. எடுத்துக்கொண்டு போகிறாளே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தரம் திரும்பிக் கை காட்டினாள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறாளாம். வெயிலில் கறுத்திருக்கிறாள், முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டாள். ரசம் என்றேன். தினமும் ரசமா என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வீடியோ வரவில்லை. சாயந்திரம் சாதாரணப் போன்.

"லேப்டாப்புல வைஃபை போயிட்டுங்க. நேத்து ஏதோ அப்டேட் கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன். அதுக்கப்புறம் அடாப்டர் எடுக்கவே மாட்டேங்கு. பாடமெல்லாம் அதுலதான் காட்டணும். போனு சின்னது, நாளைக்கிக் கிளாஸுக்கு ஆவாது."

கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியும், அச்சு அசலாக அது என்னவென்று தெரியும். அப்டேட்டில் உள்ளே எல்லாம் புதிதாக மாறிவிட்டது, நம் டிரைவர் பழையதாகவே நிற்கிறது. மறுபடி ஒரு தடவை கட்டி ஏற்றினால் தீர்ந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக என்னால் அவளுக்கு ஆகிற காரியம் ஒன்று வந்திருக்கிறது.

"ஏ பிள்ள, இது ஒண்ணுமே இல்ல! ஒம் போனை லேப்டாப்புல வயர்ல மாட்டு. நான் இங்க இருந்தே பாத்துருதேன். வரிவரியா சொல்லுதேன், நீ அடிச்சாப் போதும்."

ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு, அந்த வரிகளை எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

"வேண்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இங்க ஸ்கூல்ல ஒருத்தரு இருக்காரு. அவருகிட்ட குடுத்துட்டேன்."

"அவருக்கு லினக்ஸ் தெரியுமா?"

"தெரியாதாம். எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்னாரு. போடச் சொல்லிட்டேன்."

"நல்லது. போடச் சொல்லு" என்றேன்.

"சரி, வைக்கேன். மாத்திர போடுங்க."

வைத்துவிட்டாள். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட மறந்து, ஷட்டரைத் தூக்கி உள்ளே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.